ஒரு பிக்சலுக்கு நான்கு எண்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பிஎன்ஜி படங்களின் டிரான்ஸ்பரன்ட் பின்னணி பற்றியவை. ஒரே பதிலில் அடங்குபவற்றைச் சேர்த்துவிட்டோம். மெனு பெயர்கள் மென்பொருளில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கின்றனவோ அதே ஒலிப்பில் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஜிம்ப் என்ற பட மென்பொருளில் 32×32 பிக்சல் அளவில் கேம் பொம்மை வரைகிறேன். தலைக்கு மேலே நாலைந்து பிக்சலை இரேசரால் அழித்தால் அந்த இடம் வெள்ளையாகவே நிற்கிறது. இன்னொரு படத்தில் அழிகிறது. ஆனால் பக்கத்துப் பிக்சலும் சேர்ந்து மங்கிவிடுகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?
— பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

இரண்டும் வேறு வேறு கோளாறு. வெள்ளையை முதலில் பார்ப்போம்.

பிக்சல் ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. டிரான்ஸ்பரன்ட் என்பது ஒரு நிறமல்ல, ஆல்ஃபா என்கிற நான்காவது எண். அது 0 என்றால் பிக்சல் கண்ணுக்குத் தெரியாது. 255 என்றால் பின்னால் இருப்பதை முழுக்க மறைக்கும். இடையில் இருந்தால் இரண்டும் கலந்து தெரியும். உங்கள் முதல் படத்தில் அந்த நான்காவது எண்ணுக்கு இடமே இல்லை. ஜேபெக் ஃபைலைத் திறந்தாலும், வெள்ளைப் பின்னணியோடு புதுப் படம் தொடங்கினாலும் இப்படித்தான் ஆகும். லேயர் (படத்தின் அடுக்கு) பட்டியலில் அந்த லேயரின் பெயர் தடித்த எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆல்ஃபா இல்லை என்று பொருள். இல்லாத எண்ணை இரேசர் எப்படிக் குறைக்கும்? பேக்ரவுண்ட் நிறத்தைப் பூசிவிட்டுப் போய்விடுகிறது. லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்சி, அதற்குள் ‘ஆட் ஆல்ஃபா சேனல்’ கொடுங்கள். பெயரின் தடிப்பு போய்விடும், இரேசரும் ஒழுங்காக வேலை செய்யும். போட்டோஷாப் வைத்திருப்பவர்கள், பூட்டுப் படத்தோடு இருக்கும் ‘பேக்ரவுண்ட்’ லேயரை இரட்டை கிளிக் செய்து ‘லேயர் 0’ ஆக்கினால் போதும்.

பக்கத்துப் பிக்சல் மங்குவது ஆன்டி-அலையாசிங் செய்யும் வேலை. கோட்டின் ஓரம் வழவழப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மென்பொருள் தானாகவே ஓரப் பிக்சல்களின் ஆல்ஃபாவைக் குறைக்கிறது. போட்டோவுக்கு அது நல்லது. 32 பிக்சல் பொம்மைக்கு நஞ்சு. ஆகவே வரைய பெயின்ட்பிரஷ் வேண்டாம். ‘என்’ விசை அழுத்தினால் வரும் பென்சில்தான் சரி. பிரஷ் பட்டியலில் ‘1. பிக்சல்’, சைஸ் 1, ஒப்பாசிட்டி 100. இரேசரில் ‘ஹார்ட் எட்ஜ்’ டிக் இருக்க வேண்டும். பேனா டேப்லெட்டில் வரைந்தால் ‘டைனமிக்ஸ் ஆஃப்’ தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் அழுத்தத்துக்குத் தக்கபடி அளவு மாறும். ஃபஸ்ஸி செலக்ட் போன்ற தேர்வுக் கருவிகளிலும் ‘ஆன்டி-அலையாசிங்’, ‘ஃபெதர் எட்ஜஸ்’ இரண்டையும் எடுத்துவிடுங்கள். பென்சிலில் மட்டும் கவனமாக இருந்துவிட்டுத் தேர்வுக் கருவியில் கோட்டை விடுவதுதான் அதிகம் நடக்கிறது.

800% ஜூமில் வேலை செய்யுங்கள். இமேஜ் மெனுவில் ‘கான்ஃபிகர் கிரிட்’ திறந்து இடைவெளியை 1 பிக்சலாக்கி, வியூ மெனுவில் ‘ஷோ கிரிட்’ போட்டால் ஒவ்வொரு பிக்சலுக்கும் கட்டம் விழும். இதைவிட முக்கியமானது ‘பாயின்டர்’ டயலாக். விண்டோஸ் மெனுவில் டாக்கபிள் டயலாக்ஸ் பட்டியலில் இருக்கும். மவுஸ் நிற்கும் பிக்சலின் நான்கு எண்களையும் அது காட்டிக்கொண்டே இருக்கும். ஆல்ஃபா 0 அல்லது 255 தவிர வேறு எது தெரிந்தாலும் அங்கே ஏதோ ஒரு கருவி உங்களைக் கேட்காமல் ஓரத்தை மழுப்பியிருக்கிறது. கண்ணை நம்பாதீர்கள், ஆல்ஃபா 250 கண்ணுக்கு 255 மாதிரியேதான் இருக்கும்.

கைதவறி அழித்த பிக்சலுக்காகப் பத்து அன்டூ போட வேண்டாம். இரேசர் ஆல்ஃபாவை மட்டுமே குறைக்கிறது, நிற எண்கள் அடியில் அப்படியே இருக்கின்றன. இரேசர் ஆப்ஷனில் ‘ஆன்டி இரேஸ்’ டிக் செய்து அதே பிக்சலின் மேல் போனால் பழைய நிறம் திரும்பி வரும்.

கேள்வி: டி-ஷர்ட்டுக்கு டிடிஎஃப் (ஃபிலிமில் அச்சிட்டுத் துணியில் ஒட்டும் முறை) பிரிண்ட் போடுகிறோம். வாடிக்கையாளர்கள் அனுப்பும் லோகோவின் வெள்ளைப் பின்னணியை எடுத்துவிட்டு அடித்தாலும் கருப்புத் துணியில் ஓரம் முழுக்க வெளுத்த கோடு. ஸ்க்ரீனில் எதுவும் தெரிவதில்லை.
— பிரிண்டிங் யூனிட், திருப்பூர்

ஸ்க்ரீனில் தெரியாததற்குக் காரணம், காலி இடத்தைக் காட்ட மென்பொருள் போடும் சதுரம் சதுரமான வெளிர் பின்னணியில் வைத்துப் பார்க்கிறீர்கள். படத்துக்கு அடியில் ஒரு லேயர் போட்டுக் கருப்பு நிரப்புங்கள், கோடு அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரே ஒரு ஓரப் பிக்சலை எடுத்துக்கொள்வோம். லோகோவின் சிவப்பு 180, 20, 30. முதலில் வரைந்தவர் வெள்ளையின் மேல் வரைந்ததால், பாதி சிவப்பும் பாதி வெள்ளையும் கலந்து அந்தப் பிக்சல் 217, 137, 142 ஆகியிருக்கிறது. அதாவது இளஞ்சிவப்பு. பின்னணியை எடுக்கும் கருவி அந்தப் பிக்சலுக்கு ஆல்ஃபா 128 கொடுத்தது, அது சரி. ஆனால் நிற எண்களைத் தொடவில்லை. கருப்பின் மேல் வைத்தால் 90, 10, 15 என்று அடர்சிவப்பாகத் தெரிய வேண்டியது 109, 69, 71 என்று சாம்பல் பூத்துத் தெரிகிறது. போய்விட்டதாக நீங்கள் நினைத்த வெள்ளை இந்த மூன்று எண்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இது நிறத்தின் பிரச்சினை. டிடிஎஃப்பில் இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. ஃபிலிமில் நிறத்தின் மேல் வெள்ளை மை விழுகிறது, துணியில் ஒட்டும்போது வெள்ளை அடிக்குப் போகிறது. அரைகுறை ஆல்ஃபா உள்ள ஓரத்தில் நிற மையும் அரைகுறையாகவே விழும். அடியில் உள்ள வெள்ளை எட்டிப் பார்க்கும். ஆகவே உங்களுக்கு நிறமும் திருந்த வேண்டும், ஆல்ஃபாவும் 0 அல்லது 255 என்று கறாராக வேண்டும். வரிசை மாறக் கூடாது: முதலில் நிறம், பிறகு ஆல்ஃபா. ஆல்ஃபாவை முதலில் கறாராக்கினால் அந்த இளஞ்சிவப்புப் பிக்சல் முழு 255 ஆகி, கோடு இன்னும் பளிச்சென்று அடிக்கும்.

ஜிம்ப்பில்: லேயர் பட்டியலின் ‘லாக்’ தேர்வுகளில் சதுரங்கக் கட்டம் போட்ட சின்னம் இருக்கும், அதுதான் லாக் ஆல்ஃபா. அதை அழுத்திவிட்டு, உள்ளே உள்ள அசல் சிவப்பைக் கலர் பிக்கரால் எடுத்து, பென்சிலால் ஓரத்தைச் சுற்றித் தேய்த்துக்கொண்டு வாருங்கள். ஆல்ஃபா பூட்டியிருப்பதால் வெளியே வழியாது. 128 ஆக இருந்தது 128 ஆகவே இருக்கும், நிறம் மட்டும் 180, 20, 30 ஆகும். பிறகு பூட்டைத் திறந்துவிட்டு, லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்சி, ‘த்ரெஷோல்ட் ஆல்ஃபா’, மதிப்பு 0.5. பாதிக்கு மேற்பட்டவை 255 ஆகும், மற்றவை 0.

போட்டோஷாப்பில் நிறத்துக்கு லேயர் மெனுவில் ‘மேட்டிங்’, அதில் ‘ரிமூவ் ஒயிட் மேட்’. ஆல்ஃபாவுக்கு நேரடிக் கட்டளை இல்லாததால் சுற்றித்தான் போக வேண்டும். லேயரின் குட்டிப் படத்தை கன்ட்ரோல் விசையோடு கிளிக் செய்து, வந்த செலக்ஷனை சேனலாகச் சேமித்து, செலக்ஷனை எடுத்துவிட்டு, அந்தச் சேனலில் த்ரெஷோல்ட் 128 கொடுங்கள். அடுத்து லேயரை எட்டுக் காப்பி எடுத்து ஒன்றாக மெர்ஜ் செய்யுங்கள். ஆல்ஃபா 128 ஆக இருந்த பிக்சல் எட்டு அடுக்கில் 254 ஆகிவிடும். கடைசியாகச் சேமித்த சேனலை செலக்ஷனாக ஏற்றி, இன்வர்ஸ் செய்து, டெலீட். கடைகளில் பலர் நாலைந்து காப்பி போட்டு மெர்ஜ் செய்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தினால் கண்ணுக்கே தெரியாத ஆல்ஃபா 10 தூசிப் பிக்சல்கூட ஐந்து அடுக்கில் 46 ஆகி, பிரிண்டில் புள்ளி புள்ளியாக விழும்.

ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியுமோ என்று பயம் வேண்டாம். அச்சாகும் அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருந்தால் ஒரு பிக்சல் 0.085 மில்லிமீட்டர்தான், 10 அங்குல லோகோவுக்கு 3000 பிக்சல். வாடிக்கையாளர் அனுப்பியது 400 பிக்சல் அகலப் படம் என்றால் இந்த வித்தை எதுவும் எடுபடாது, லோகோவைத் திரும்ப வரைவதுதான் வழி. படத்தைப் பிரிண்டருக்கு அனுப்பும் ரிப் சாஃப்ட்வேரில் வெள்ளைக்கு ஒன்றிரண்டு பிக்சல் ‘சோக்’ (வெள்ளையின் ஓரத்தை உள்ளே இழுப்பது) கொடுப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: போட்டோஷாப்பில் ‘லாக் டிரான்ஸ்பரன்ட் பிக்சல்ஸ்’ போட்டு நிறம் மாற்றுகிறேன், நன்றாக இருக்கிறது. ஆனால் இரேசரால் அழித்தால் கருப்பாகிறது.
— வாசகி, யாழ்ப்பாணம்

பூட்டைப் போட்டுவிட்டால் ஆல்ஃபாவைக் குறைக்க இரேசருக்கு அனுமதி இல்லை. பேக்ரவுண்ட் நிறத்தைப் பூசும். உங்கள் பேக்ரவுண்ட் நிறம் கருப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். சாய்வுக் கோடு விசையை ஒருமுறை தட்டினால் பூட்டு திறக்கும், மறுபடி தட்டினால் பூட்டும். இரேசரின் மோடில் ‘பென்சில்’ வைத்துக்கொள்ளுங்கள். ‘பிரஷ்’ மோடு ஓரத்தை மழுப்பும்.

கேள்வி: டிரான்ஸ்பரன்ட் ஃபைலை விண்டோஸ் பெயின்ட்டில் திறந்து ஒரு பிக்சலைத் திருத்தி சேவ் செய்தேன். பின்னணி முழுக்க நிரம்பிவிட்டது.
— பள்ளி ஆசிரியர், விருதுநகர்

பழைய பெயின்ட்டுக்கு ஆல்ஃபா தெரியாது. திறந்த உடனேயே அந்த எண் தொலைந்துவிடும். சேவ் செய்த பிறகு மீட்க முடியாது. விண்டோஸ் 11-இல் 2023-க்குப் பின் வந்த பெயின்ட்டில் லேயரும் டிரான்ஸ்பரன்சியும் சேர்ந்துவிட்டன. பழைய கணினி என்றால் இலவசமான பெயின்ட் டாட் நெட் போதும். அதன் பென்சில் எப்போதும் ஒரு பிக்சல்தான், ஓரம் மழுப்பாது. கலர் பெட்டியில் ஆல்ஃபாவை 0 ஆக்கி, பிளெண்டிங்கை ‘நார்மல்’ என்பதிலிருந்து ‘ஓவர்ரைட்’ ஆக்கினால் பென்சிலாலேயே டிரான்ஸ்பரன்ட் பிக்சல் வைக்கலாம். நார்மலில் விட்டால் ஆல்ஃபா 0 நிறத்தை எத்தனை முறை தீட்டினாலும் ஒன்றும் நடக்காது. எதையும் நிறுவ அனுமதி இல்லாத பள்ளிக் கணினியில் பிரவுசரில் ஓடும் போட்டோபீ உதவும்.

கேள்வி: இணையத்தில் ‘டிரான்ஸ்பரன்ட் பிஎன்ஜி’ என்று தேடி எடுத்த படத்தில் சாம்பல்–வெள்ளைக் கட்டங்களும் சேர்ந்தே வருகின்றன.
— வாசகர், சேலம்

அந்தக் கட்டங்கள் நிஜமான பிக்சல்கள். யாரோ மென்பொருளின் திரையைப் படம்பிடித்துப் போட்டிருக்கிறார்கள். பாயின்டர் டயலாக்கில் கட்டத்தின் மேல் மவுஸை வைத்தால் ஆல்ஃபா 255 என்று காட்டும், அல்லது ஆல்ஃபாவே இருக்காது. அழிக்கவும் பாடுபட வேண்டியிருக்கும். பெரும்பாலும் இடையில் ஒருமுறை ஜேபெக்காக மாறி வந்திருப்பதால் வெள்ளை என்பது 255, 253, 254 என்று சிதறிக் கிடக்கும். தேர்வுக் கருவியின் த்ரெஷோல்டை ஏற்றினால் படத்தின் வெளிர் பகுதிகளும் சேர்ந்து போகும். வேறு படம் தேடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கேள்வி: 24×24-இல் வரைந்த பொம்மையை வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்க 512×512-க்குப் பெரிதாக்கினேன். பஞ்சு மாதிரி மங்கலாகிவிட்டது. மங்காமல் செய்தால் சில பிக்சல் பெரிதாகவும் சில சிறிதாகவும் இருக்கின்றன.
— கல்லூரி மாணவி, மதுரை

மங்கலுக்குக் காரணம் இன்டர்பொலேஷன், அதாவது பெரிதாக்கும்போது இடையில் வரும் பிக்சல்களை மென்பொருள் கணக்கிடும் முறை. ஜிம்ப்பின் ‘ஸ்கேல் இமேஜ்’ பெட்டியில் அதை ‘நன்’ ஆக்குங்கள். போட்டோஷாப்பில் ‘நியரஸ்ட் நெய்பர்’. மற்ற முறைகள் பக்கத்துப் பிக்சல்களின் நிறத்தை மட்டுமல்ல, ஆல்ஃபாவையும் சராசரி எடுக்கின்றன.

பிக்சல்கள் ஒழுங்கில்லாமல் போவதற்குக் கணக்குதான் காரணம். 512-ஐ 24-ஆல் வகுத்தால் 21.33. மூன்றில் ஒரு பங்கு பிக்சல் போட முடியாது என்பதால் சில 21-ம் சில 22-ம் ஆகின்றன. முழு எண்ணால் மட்டுமே பெருக்குங்கள்: 24×20 = 480. பிறகு கேன்வாஸ் சைஸை 512 ஆக்கி நடுவில் வையுங்கள். நான்கு பக்கமும் சரியாக 16 பிக்சல் மிஞ்சும். வாட்ஸ்அப் ஸ்டிக்கருக்குச் சொல்லும் ஓர இடைவெளியும் அதே 16. படம் 16×16 என்றால் 30 மடங்கு, 32×32 என்றால் 15 மடங்கு, எல்லாம் 480-க்கே வந்து சேரும்.

வெள்ளை ஓரம் வேண்டுமானால் பெரிதாக்கும் முன்பே போடுங்கள். ‘ஆல்ஃபா டு செலக்ஷன்’, செலக்ட் மெனுவில் ‘குரோ’ 1, அடியில் புது லேயர், வெள்ளை நிரப்பு. பொம்மையைச் சுற்றி ஒரு பிக்சலாவது காலி இடம் இருக்க வேண்டும். கடைசியாக வெப்பி (.webp) ஃபார்மேட்டில் எக்ஸ்போர்ட் செய்யும்போது ‘லாஸ்லெஸ்’ டிக் செய்யுங்கள். அசையாத ஸ்டிக்கருக்கு வரம்பு 100 கேபி. தட்டையான நிறங்கள் என்பதால் அதில் சிறு பங்குதான் ஆகும். அதே படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் ஜேபெக்காக மாறி டிரான்ஸ்பரன்சி போய்விடும், டாகுமென்டாக அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் தமிழ் வலைத்தளத்தின் லோகோவில் ‘அ’ எழுத்து இருக்கிறது. அதையே ஃபேவிகான் (பிரவுசர் டேபில் தெரியும் குட்டிச் சின்னம்) ஆக்க 16×16-க்குச் சுருக்கினால் வெறும் கறை. டார்க் மோடில் அதுவும் தெரிவதில்லை.
— வாசகர், சென்னை

பெரிய லோகோவைச் சுருக்கி 16 பிக்சலில் தமிழ் எழுத்தைக் கொண்டுவர முடியாது. ‘எல்’ அல்லது ‘எஃப்’ என்ற ஆங்கில எழுத்துக்கு நேர்க்கோடுகள் போதும். நம் எழுத்துக்குச் சுழி வேண்டும். 16×16-ஐத் தனியாக, கையால், பிக்சல் பிக்சலாக வரையுங்கள். சுற்றிலும் 1 பிக்சல் விட்டால் கையில் இருப்பது 14×14. கோட்டுக்கு 2 பிக்சல் தடிமன், சுழியின் ஓட்டைக்குக் குறைந்தது 2×2 என்றால் சுழி மட்டும் 6×6 எடுத்துக்கொள்ளும். வலப்பக்கத் தண்டுக்கு 2, அதற்கு முன் இடைவெளி 2. மீதியில் மேல் வளைவை அடக்க வேண்டும். அடங்கும், ஆனால் இறுக்கமாகத்தான். இடம் போதவில்லை என்றால் தண்டைக் குறுக்குங்கள், ஓட்டையை அடைக்காதீர்கள். ஓட்டை அடைபட்ட ‘அ’ எந்த மொழி எழுத்தும் அல்ல. மெய்யெழுத்து வைக்க நினைப்பவர்கள் கவனிக்க: புள்ளிக்கு 2×2, கீழே 1 பிக்சல் இடைவெளி, ஆக எழுத்தின் உயரம் 11-க்கு இறங்கிவிடும்.

முதலில் முழுக்க ஆல்ஃபா 255 பிக்சல்களால் எலும்புக்கூட்டை முடியுங்கள். பிறகு வளைவின் வெளி மூலைகளில் மட்டும் ஆங்காங்கே ஆல்ஃபா 128 பிக்சல் வைத்தால் படிக்கட்டு மட்டுப்படும். மென்பொருள் தானாகச் செய்யும் ஆன்டி-அலையாசிங்கைத் தடுத்துவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் நாமே செய்கிறோம். ஜிம்ப்பில் பென்சிலின் ஒப்பாசிட்டியை 50 ஆக்கி ஒரே ஒரு கிளிக். இரண்டாவது முறை அதே பிக்சலில் பட்டால் 128 என்பது 191 ஆகிவிடும். பட்டுவிட்டால் ஹார்ட் எட்ஜ் இரேசரால் 0 ஆக்கிவிட்டுத் திரும்ப வையுங்கள். பெயின்ட் டாட் நெட்டின் ஓவர்ரைட் மோடில் இந்தத் தொல்லை இல்லை, எத்தனை முறை பட்டாலும் 128-தான். சுழியின் ஓட்டைக்குள் மட்டும் அரை ஆல்ஃபா வேண்டாம். கறை திரும்பி வந்துவிடும்.

டார்க் மோடுக்கு: வரையும்போதே அடியில் இரண்டு லேயர், ஒன்று வெள்ளை, ஒன்று அடர்சாம்பல். மாற்றி மாற்றிக் கண் சின்னத்தை அழுத்திப் பாருங்கள். கருநீல எழுத்து இருட்டில் கரையத்தான் செய்யும். எழுத்தை நடுத்தர நிறத்துக்கு மாற்றுங்கள், அல்லது டிரான்ஸ்பரன்சி ஆசையை விட்டுவிட்டு எழுத்துக்குப் பின்னால் ஒரு நிறக் கட்டத்தை நிரப்பி, நான்கு மூலைப் பிக்சலை மட்டும் ஆல்ஃபா 0 ஆக்குங்கள். 16 பிக்சலில் எங்கள் ஓட்டு இரண்டாவதற்கே.

ஃபேவிகானுக்கான ஐகோ (.ico) ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யும்போது ஜிம்ப் ஒவ்வொரு லேயரையும் ஒரு தனி ஐகானாக எடுத்துக்கொள்ளும். 16, 32, 48 அளவு லேயர்களை ஒரே ஃபைலில் வைக்கலாம். சோதனைக்குப் போட்ட இரண்டு லேயரையும் அதற்கு முன் நீக்கிவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ‘32 பிபிபி, 8-பிட் ஆல்ஃபா’ தேர்ந்தெடுங்கள். 256 நிற வகையில் ஆல்ஃபா உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலைதான், நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த 128 எல்லாம் வீண். ஜிஃப் ஃபைலுக்கும் இதே கதி.

கேள்வி: படத்தில் ஆல்ஃபா 0, 255 தவிர எதுவும் இல்லை, சரிபார்த்துவிட்டேன். ஆனால் கேம் இன்ஜினில் மரத்தைச் சுற்றி வெளிர் கோடு வருகிறது.
— வாசகர், கொழும்பு

ஆல்ஃபா 0 பிக்சலுக்கும் நிறம் உண்டு என்பதை இன்ஜின் மறப்பதில்லை. இலையின் பிக்சல் 60, 160, 70. பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பிக்சல் 255, 255, 255. படம் கொஞ்சம் பெரிதாகவோ நகர்ந்தோ வரும்போது இன்ஜின் இரண்டையும் சராசரி எடுக்கிறது: நிறம் 158, 208, 163, ஆல்ஃபா 128. அதுதான் அந்தக் கோடு.

பிக்சல் ஆர்ட் என்றால் சராசரி எடுப்பதையே நிறுத்துங்கள். யூனிட்டியில் ஃபில்டர் மோடு ‘பாயின்ட்’, கம்ப்ரெஷன் ‘நன்’. கோடோ 4-இல் புராஜெக்ட் செட்டிங்ஸில் ரெண்டரிங், டெக்ஸ்சர்ஸ், அங்கே டீஃபால்ட் ஃபில்டரை ‘நியரஸ்ட்’ ஆக்குங்கள். வழவழப்பான படம் என்றால் யூனிட்டியில் ‘ஆல்ஃபா இஸ் டிரான்ஸ்பரன்சி’, கோடோவில் ‘ஃபிக்ஸ் ஆல்ஃபா பார்டர்’ டிக் செய்யுங்கள். ஓர நிறத்தை வெளியே தெரியாத பிக்சல்களுக்கும் இன்ஜினே இழுத்துப் பூசிக்கொள்ளும்.

அந்த மறைநிறத்தை நீங்களே பூசுவதாக இருந்தால், ஜிம்ப்பில் பிஎன்ஜி எக்ஸ்போர்ட் பெட்டியில் ‘சேவ் கலர் வேல்யூஸ் ஃப்ரம் டிரான்ஸ்பரன்ட் பிக்சல்ஸ்’ டிக் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு அளவைக் குறைக்கிறேன் என்று பிஎன்ஜி சுருக்கும் மென்பொருளில் போடாதீர்கள். அவற்றில் சில ஆல்ஃபா 0 பிக்சல்களின் நிறத்தைத்தான் முதலில் துடைத்தெறியும். ஒரே தாளில் பல பொம்மைகளை அடுக்கியிருந்தால் இடையில் 2 பிக்சல் காலி விடுங்கள், பக்கத்துப் பொம்மையின் நிறம் ஒட்டிக்கொள்ளாது.